நிலை நிற்கிறது

வெள்ளிக்கிழமை காலை ஏழரை.
வின்னிபெக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
இரவுப் பணி முடித்த செவிலிச் சீருடையோடு
காரை நடைவேகத்தில் உருட்டியபடி
அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறேன்:
கம்பம், கயிறு, கம்பம், கயிறு.

இருநூற்றுப் பதினான்கு கம்பங்கள்.
மின்கம்பிகளுக்குக் கீழே
தூண்டில் நூலைவிடச் சற்றே தடித்த ஒரு கயிறு
பேட்டையைச் சுற்றி வருகிறது.
அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே வீடு.
ஓய்வுநாளில் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.
குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளலாம்.
ஸ்மோல்யார் தன் இதய மாத்திரையோடு
தொழுகைக்கு வரலாம்.
ஓரிடத்தில் அறுந்தால்
கைவீசி நடக்க வேண்டும், எல்லாரும்.
கைக்குழந்தைக்காரி வீட்டிலேயே இருக்க வேண்டும்.

மதில் என்பேன் நான்.
மதில் இல்லை, யோகெவெத், என்பார் ரபி நத்தானியேல்,
என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர்.
இரண்டு கால், மேலே ஓர் உத்திரம்: நிலை.
ஊரைச் சுற்றி நாம் கட்டியிருப்பது
வெறும் வாசல்கள்.

நான் பக்திக்காரி அல்ல.
சனிக்கிழமை கார் ஓட்டுகிறேன்,
மருத்துவமனைக்கு. சில வாரம் சினிமாவுக்கு.
அவருக்குத் தெரியும்.
இந்த வேலைக்கு வந்தபோது
கண்ணாடி போட்டால் தூரப் பார்வை சரியா
என்று மட்டும் கேட்டார்.

நண்பகலில் செய்தி அனுப்புவேன்.
ஒரு காலத்தில் தொண்ணூறு எண்கள். இப்போது ஐம்பத்தேழு.
அதில் ஒன்று வான்கூவரில்.
ஊர் மாறிவிட்டாயே, நீக்கிவிடட்டுமா என்றேன் தமாராவிடம்.
வேண்டாம் என்றாள்.
அங்கே வெள்ளி இரவுகளில்
ஓர் உணவகத்தில் சிப்பி உடைக்கிறாள்.
'நிற்கிறதா என்று தெரிந்தால் போதும்.'

எதிர்காலம் பற்றிக் கூட்டங்கள் நடக்கின்றன.
இளையவர்கள் வருவார்களா,
திரையில் தெரியும் பத்தாவது ஆள் பத்தாவது ஆள்தானா,
காபி நன்றாக இருந்தால் கூட்டம் சேருமா.
என் வீட்டுக்கு எதிர்காலம் தபாலில் வந்தது:
ஏப்ரல் முதல் மின்கம்பிகள் மண்ணுக்கடியில்.
மேற்குப் பக்கம் நாற்பத்தொரு கம்பங்கள்
அகற்றப்படும்.

நகராட்சிப் பொறியாளர் ஒக்ஸானா, தொலைபேசியில்:
அந்தக் கயிறு எதைக் கடத்துகிறது?
எதையும் இல்லை.
பிறகு கம்பம் எதற்கு?
வாசலுக்கு.
கதவு உண்டா?
இல்லை.
விசைப்பலகை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
'படிவத்தில் பயன்பாடு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் என்ன எழுதட்டும்?'

பத்தொன்பதுதான் தர முடிந்தது அவளால்.

கோட்டை உள்ளே இழுத்தோம்.
வரைபடத்தில் ஒரு தெரு வெளியே போனது.
நான்கு வீடு. மூன்றில் எங்களவர் யாரும் இல்லை.
நான்காவதில் ஸெல்ட்ஸர் தம்பதி,
போன மாதம்தான் குடிவந்தவர்கள்,
பத்து வாரக் குழந்தை.

ரபி விதிநூல்களைப் புரட்டினார்.
நான் கதவுகளைத் தட்டினேன்.
ஸெல்ட்ஸர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ரொஹேலியோ,
மனிலாவிலிருந்து வந்து இருபது வருடம்,
கழுத்தில் சிலுவை, கையில் நாய்ச் சங்கிலி.
ஓய்வுநாள், கயிறு, வண்டி என்று
நான் மூச்சுவாங்கச் சொல்லி முடிப்பதற்குள்
'என் வேலியில் கட்டிக்கொள்ளுங்கள்' என்றார்.
'நாய் இடறாத உயரத்தில்.'

ஏப்ரல். உருகிய பனி வாய்க்காலில் அழுக்காய் ஓடுகிறது.
தோண்டிய குழிகளுக்கு ஆரஞ்சுத் தடுப்பு.
எதையும் சுமக்காத பத்தொன்பது கம்பங்கள்,
ஓய்வு பெற்றும் அலுவலகம் வரும் ஆட்களைப் போல.
புது முடிச்சைக் கையுறை கழற்றி
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன்:
நிலை நிற்கிறது.
ஐம்பத்தெட்டுப் பேருக்கு.
ரொஹேலியோவும் எண் தந்திருந்தார்,
வேலி என்னுடையதல்லவா, எனக்கும் தெரியட்டும் என்று.

பிறகு திரையை இழுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.